பில் கட்டுக்குப் பக்க எண்: கணிப்பொறிக் கோப்புகளில் வரிசை காப்பது எப்படி?

நமது கடைக்கு ஒரு முறை வரித் துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. குறிப்பிட்ட ஓராண்டில் நாம் எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரிச் சலுகைக்கு ஆதாரமான கொள்முதல் பில்களைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். பில்கள் எல்லாம் நம்மிடம் பத்திரமாக இருந்தன. எண்ணிப் பார்த்தோம், 118 தாள்கள். ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துச் சென்று ஒரே பிடிஎஃப் கோப்பாக ஸ்கேன் செய்து வாங்கினோம். கோப்பைத் திறந்ததும் 118 பக்கம் என்று காட்டியது. கணக்கு சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில் பதிலோடு இணைத்து அனுப்பிவிட்டோம்.

பல வாரங்களுக்குப் பின் உத்தரவு வந்தது. இரண்டு பில்கள் கோப்பில் இல்லை. ஆகவே அவற்றுக்குரிய ரூ.9,860 சலுகை ஏற்கப்படவில்லை. வட்டியுடன் செலுத்துக என்று கண்டிருந்தது. நமக்கு நம்பவே முடியவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்தால் அந்த இரண்டு பில்களும் அதிலேயே இருக்கின்றன! பிறகுதான் கோப்பை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினோம். மெல்லிய தாள்களில் இரண்டு, அடுத்த தாளோடு ஒட்டிக்கொண்டு ஸ்கேனருக்குள் போய்விட்டன. வேறு இரண்டு பில்கள், தாள் சிக்கிக்கொண்டதென்று பையன் மறுபடியும் விட்டதால், இரட்டையாக விழுந்திருந்தன. இரண்டு குறைந்தது, இரண்டு கூடியது. மொத்தம் மட்டும் மாறாமல் 118 என்றே நின்றது.

மேல்முறையீடு செய்ய வழி உண்டு. ஆனால் அதற்கு ஆகும் செலவையும் கடையை அடைத்து அலைய வேண்டிய நாட்களையும் ஆடிட்டரோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், பேசாமல் கட்டிவிட்டோம். தவறு முழுக்க நம்முடையது. அந்தத் தாள்களின் மூலையில் 1, 2, 3 என்று எண் போட்டிருந்தால், 61க்குப் பிறகு 63 வருவதைக் கோப்பை அனுப்பும் முன்பே கண்டிருப்போம். எண்ணிக்கை வேறு, எண் வேறு என்பதை ரூ.9,860 கொடுத்தல்லவா கற்றுக்கொண்டோம்!

பழைய தலைமுறை வணிகர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. புதுக் கணக்கு எழுதும் நாளில் பேரேட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, மஞ்சள் தடவி, லாபம் என்று எழுதி வைத்துவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து எண் இட்டுக்கொண்டு வருவார்கள். குறிப்பேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே பேரேட்டுப் பக்க எண்ணுக்கென்று ஒரு சிறு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால் பதிவு பேரேட்டுக்குப் போய்விட்டது என்று பொருள். காலியாக இருந்தால் இன்னும் ஏற்றவில்லை என்று பொருள். கணக்குப்பிள்ளை பாதி வேலையில் சாப்பிடப் போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடர அந்த எண்ணே வழிகாட்டி. இத்தாலியில் 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அச்சான தம் நூலில் இரட்டைப் பதிவு முறையை விளக்கிய லூக்கா பசியோலி என்ற துறவியும், கணக்குப் புத்தகங்களின் பக்கங்களுக்கு எண் இடும்படி வணிகர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அரசு அலுவலகப் பதிவேடுகளின் முதல் பக்கத்தில் 'இப்பதிவேட்டில் இத்தனை பக்கங்கள் உள்ளன' என்று சான்றெழுதிக் கையொப்பம் இடும் வழக்கத்தையும் நண்பர்கள் பார்த்திருப்பார்கள்.

ஓலைச் சுவடி காலத்திலும் ஓலையின் ஓரத்தில் தமிழ் எண்ணால் ஏட்டு எண் பொறித்தார்கள். சுவடிக் கயிறு அறுந்தால் ஓலைகள் சிதறிவிடும்; எண் இருந்தால் மறுபடி கோத்துவிடலாம். உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை என்று இன்றைக்கும் நாம் திட்டமாகச் சொல்ல முடிகிறது. பாட்டுகளுக்கு வரிசை எண் இருந்ததால்தான் எந்த இடத்தில் எத்தனை போயின என்று தெரிகிறது. வரிசை எண்ணின் முழுப் பயன் இதுதான்: இருப்பதைக் காட்டுவதைவிட, இல்லாததைக் காட்டிக் கொடுக்கும்.

நமது உத்திரமேரூருக்கும் இதில் பங்கு உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வைகுண்டப் பெருமாள் கோயிலில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளைக் காண வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர்கள் என்று அதில் இருப்பது பலருக்கும் தெரியும். நாம் இங்கே சொல்ல வருவது வேறொரு சிறு செய்தி. ஊரில் முப்பது குடும்புகள். ஒவ்வொரு குடும்பின் பெயர் ஓலைகளையும் தனித்தனிக் கட்டாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் மேலும் இது இன்ன குடும்பு என்று காட்ட ஒரு வாயோலை பூட்டி வைத்தார்கள். எந்தக் கட்டு எதனுடையது என்ற குழப்பத்துக்கு இடமே இல்லை. நாம் இன்று அனுப்பும் பில் கோப்பின் முகப்பில் வைக்க வேண்டிய பொருளடக்கத் தாளும் ஒரு வாயோலைதான்.

இனி சட்டம் சொல்வதைப் பார்ப்போம். ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதிப்படி விற்பனைப் பட்டியலுக்குத் தொடர் வரிசை எண் இருக்க வேண்டும். அது பதினாறு எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் மறுபடி வரக் கூடாது. எழுத்து, எண், சிறு கோடு, சாய்கோடு ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். 25-26/00001 என்று தொடங்கினால் பதினொன்றுதான் ஆகிறது. இடம் தாராளமாக உண்டு. கடை ஒன்றுக்கு ஒரு வரிசை, கிடங்குக்கு வேறு வரிசை என்று வைத்துக்கொள்ளவும் தடை இல்லை. ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் எந்த எண் முதல் எந்த எண் வரை பட்டியல் போட்டோம், அதில் ரத்தானவை எத்தனை என்று கேட்கிறார்கள். ரத்தான பில்லைக் கிழித்து எறிந்துவிடும் பழக்கம் உள்ள நண்பர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ரத்து என்று குறுக்கே எழுதி, இரண்டு பிரதிகளையும் புத்தகத்திலேயே விட்டுவைக்க வேண்டும்.

56ஆம் விதி கணக்குப் புத்தகங்களைப் பற்றியது. கையால் எழுதும் கணக்குப் புத்தகங்களின் ஒவ்வொரு தொகுதிக்கும் வரிசை எண் இட வேண்டும். பதிவை அழிக்கவோ, சுரண்டவோ, மேலே திருத்தி எழுதவோ கூடாது. தவறான பதிவை அடித்துச் சான்றொப்பம் இட்டுப் பின் சரியானதை எழுத வேண்டும். கணிப்பொறியில் கணக்கு வைத்தால், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு இருக்க வேண்டும். இவற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பது? ஆண்டு விவர அறிக்கைக்குரிய கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள். அதாவது 2025-26 கணக்குக்குக் கெடு 31-12-2026 என்றால் 31-12-2032 வரை; கெடு தள்ளிப் போனால் இதுவும் தள்ளிப் போகும். வழக்கு, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்து ஓராண்டு வரையாவது வைக்க வேண்டும். அத்தனை ஆண்டுக்குப் பிறகு ஒரு பில்லைத் தேடி எடுக்க வேண்டியவர் நாமாக இருக்கமாட்டோம். நம் பிள்ளையாகவோ புதிதாக வந்த கணக்கராகவோ இருக்கலாம். அவருக்கு நம் நினைவு உதவாது, எண்தான் உதவும்.

கடன் பாக்கி விஷயத்திலும் இது முக்கியம். துண்டுச் சீட்டில் கடன் எழுதிக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் உண்டு. பாக்கிக்காரர் மறுத்தால் அந்தச் சீட்டுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு? ஜெயின் ஹவாலா வழக்கு என்று பரவலாகப் பேசப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1998 மார்ச் 2ஆம் தேதி தீர்ப்பளித்தபோது, கணக்குப் புத்தகம் என்றால் என்ன என்பதை ஆராய்ந்தது. சேர்த்துக் கட்டப்பட்ட தாள்களே புத்தகம்; உதிரித் தாள்களை எளிதில் கழற்றலாம், மாற்றி வைக்கலாம், ஆகவே அவை புத்தகமாகா என்று கூறி, அந்த வழக்கில் இருந்த சுருள்கம்பி நோட்டுகளைப் புத்தகம் என்று ஏற்றுக்கொண்டு, கோப்புகளில் இருந்த உதிரித் தாள்களை அவ்வாறு ஏற்க மறுத்தது. அதோடு நிற்கவில்லை. முறையாக எழுதப்பட்ட புத்தகமாகவே இருந்தாலும், அதிலுள்ள பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் மீது பொறுப்பைச் சுமத்த முடியாது, வேறு ஆதாரமும் வேண்டும் என்றது. அன்று இருந்த சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தில் 28ஆம் பிரிவாக இருக்கிறது. கணிப்பொறியில் வைத்த கணக்கும் அதில் அடங்கும். ஆகவே பக்க எண் போட்டுவிட்டால் பாக்கி வசூலாகிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். எண் இல்லாத உதிரித் தாளாக இருந்தால் முதல் படியிலேயே சறுக்கும், அவ்வளவே.

இப்போது கணிப்பொறிக்கு வருவோம். உதிரித் தாளைவிட எளிதில் மாற்றக் கூடியது கணிப்பொறிக் கோப்பு. பக்கம் கழன்றதும் தெரியாது, புகுந்ததும் தெரியாது. எனவே அங்கேதான் எண் அதிகம் தேவை.

வேர்டில் கடிதம், பதில் மனு ஆகியவற்றைத் தட்டெழுதும் நண்பர்கள் பலர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையாலேயே 1, 2 என்று அடித்துவிடுகிறார்கள். இது கூடாது. மேலே இரண்டு வரி சேர்த்தால் போதும், அந்த எண் நகர்ந்து பக்கத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். 'இன்சர்ட்' பட்டியலில் 'பேஜ் நம்பர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் மேலா கீழா என்று சொல்லிவிட்டால் வேர்டு தானே எண் இட்டு, வரிகள் கூடினாலும் குறைந்தாலும் தானே திருத்திக்கொள்ளும். 'பக்கம் 3 / 12' என்று மொத்தத்தையும் சேர்த்துக் காட்டும் அமைப்பு அதிலேயே உண்டு, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் 3 என்றிருந்தால் கடைசித் தாள் தொலைந்தது எவருக்கும் தெரியாது. முகப்புத் தாளில் எண் வேண்டாம் என்றால் 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' என்ற இடத்தில் குறியிட வேண்டும்.

சரக்கு இருப்புப் பட்டியல், விலைப் பட்டியல், பாக்கிப் பட்டியல் எல்லாம் எக்செலில் இருக்கும். திரையில் எண் தெரியாததால் பலர் எக்செலில் பக்க எண் இடவே முடியாது என்று நினைக்கிறார்கள். 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'பேஜ் செட்டப்' பெட்டியைத் திறந்து, 'ஹெடர்/ஃபுட்டர்' என்ற பக்கத்தில், ஃபுட்டர் கீழ்ப்பட்டியலைப் பார்த்தால் ஆயத்தமாகவே இருக்கிறது. அதே பெட்டியில் 'ஷீட்' என்ற பக்கத்துக்குப் போய், தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும்படி 'ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்' என்ற கட்டத்தில் குறித்துவிடுங்கள். பதினைந்தாம் பக்கத்தில் வெறும் எண்களாக நிற்கும்போது எது கொள்முதல் விலை, எது விற்பனை விலை என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்? முந்தைய கோப்பு 24ஆம் பக்கத்தில் முடிந்திருந்தால், 'பேஜ்' என்ற பக்கத்தில் 'ஃபர்ஸ்ட் பேஜ் நம்பர்' கட்டத்தில் 25 என்று கொடுத்தால் அங்கிருந்து தொடரும். விலை கொடுத்து வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு இலவசமான லிப்ரே ஆபீசிலும் இந்த வசதிகள் உண்டு.

பெரிய சிக்கல் பல கோப்புகளைச் சேர்க்கும்போது வருகிறது. டேலியிலிருந்து எடுத்த பேரேடு ஒன்று, வங்கிக் கணக்கு அறிக்கை ஒன்று, ஸ்கேன் செய்த பில்கள் ஒன்று என்று மூன்று பிடிஎஃப் கோப்புகளை இணைத்தால், ஒவ்வொன்றிலும் பக்கம் 1 இருக்கும். பதிலில் 'பக்கம் 7 காண்க' என்று எழுதினால் எந்த 7? எனவே எல்லாவற்றையும் இணைத்த பிறகு, முழுக் கட்டுக்கும் ஒரே தொடர் எண்ணைப் பக்கத்தின் மேல் வலது மூலையில் தனியாக இட வேண்டும். அச்சகங்களில் பில் புத்தகத்துக்கு எண் அடிக்கும் நம்பரிங் மெஷினைப் பார்த்திருப்பீர்கள். அந்த வகையில் தானே எண் கூட்டிக்கொண்டு போகும் கைக்கருவி ஒன்றுக்கு 1890களில் அமெரிக்காவில் எட்வின் பேட்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். வழக்கறிஞர்கள் ஆவணக் கட்டு முழுவதும் இடும் தொடர் எண்ணை இன்றும் அங்கே பேட்ஸ் எண் என்றே அழைக்கிறார்கள். நம் நாட்டில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் விதிகளும், தாக்கல் செய்யும் ஆவணத் தொகுப்புக்குப் பக்க எண்ணும் பொருளடக்கமும் இருக்க வேண்டும் என்கின்றன.

முகப்புத் தாளையும் பக்கம் 1 என்றே எண்ணுங்கள். முகப்பை விட்டுவிட்டு எண்ணினால், தாளில் 15 என்று இருக்கும்போது கணிப்பொறி 16 என்று காட்டும். அதிகாரி ஒன்றைச் சொல்ல நாம் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பிடிஎஃப்பைப் படிக்க இலவசமாகக் கிடைக்கும் அடோப் ரீடரில் பக்க எண் இட இயலாது. அதன் கட்டணப் பதிப்பில்தான் அந்த வசதி. கணிப்பொறியிலேயே நிறுவிக்கொண்டு, இணையத் தொடர்பு இல்லாமல் இயங்கும் இலவச மென்பொருள்களும் உள்ளன. ஆனால் கோப்பை ஏற்றினால் எண் போட்டுத் தருகிறோம் என்று அழைக்கும் இணையதளங்களில் கொள்முதல் பில்களை ஏற்றுவது நமக்குச் சம்மதமில்லை. யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறோம், நம் வங்கிக் கணக்கு எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறதே! எதிர்க்கடைக்காரரிடம் காட்டாததை முன்பின் தெரியாதவரிடம் ஏன் கொடுக்க வேண்டும்?

டிஜிட்டல் கையொப்பம் இடுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் இணைப்பு, அடுத்து எண், கடைசியில் கையொப்பம். கையொப்பம் இட்ட பிறகு பக்க எண் சேர்த்தால், ஆவணம் திருத்தப்பட்டுவிட்டது என்று கணிப்பொறி காட்டும். கையொப்பம் செல்லாமல் போகும்.

இத்தனையும் சிரமம் என்று நினைக்கும் சிறு கடைக்காரர்களுக்கு நாம் கண்ட மிக எளிய வழி, ஸ்கேன் செய்யும் முன்பே பேனாவால் எண் போட்டுவிடுவது. மேல் வலது மூலையில், பில்லின் தொகை மீதோ தேதி மீதோ படாமல், வட்டமிட்டு எழுதுங்கள். பில் தயாரித்தவர் இட்ட பில் எண்ணோடு குழம்பாதிருக்கச் சிவப்பு மையில் எழுதலாம். வெப்பத்தாளில் அச்சான பில்கள் நாளடைவில் மங்கிவிடும். வந்த வாரமே ஒரு ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து, இரண்டுக்கும் அதே எண்ணைப் போடுங்கள். நடுவில் ஒரு பில் பிறகு கிடைத்தால், எல்லா எண்ணையும் அடித்துத் திருத்த வேண்டாம்; 17க்கும் 18க்கும் நடுவே 17அ என்று செருகிப் பொருளடக்கத்திலும் அப்படியே எழுதிவிடுங்கள். பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதற்கும் எண் உண்டு.

பில்களைத் தனித்தனியாகக் கைபேசியில் படம் பிடிப்பவர்கள், கோப்புப் பெயரை 1, 2, 10 என்று வைக்காமல் 001, 002, 010 என்று வையுங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்கள் 1, 10, 100, 2 என்று அடுக்கி இணைத்துவிடும். நமது பையன் ஒரு முறை இப்படி இணைத்ததில் தை மாதப் பருப்பு பில்லுக்கு அடுத்து ஐப்பசி எண்ணெய் பில் வந்து நின்றது. பிரித்துக் கோக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

பொருளடக்கத் தாளில் அதிகம் வேண்டாம்: பக்க எண், பில் தேதி, விற்றவர் பெயர், பில் எண், வரித் தொகை. வரித் தொகையைக் கீழே கூட்டிப் போட்டால், நாம் எடுத்த சலுகையோடு அது ஒத்துப்போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இப்போது நம் கடையில் மாதம் முடிந்து ஐந்தாம் தேதிக்குள் அந்த மாதத்துப் பில்களுக்கு எண் போட்டு, பொருளடக்கம் எழுதி, ஸ்கேன் செய்து, திரையில் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை சிவப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு முறை புரட்டிவிடுகிறோம். முப்பது நாற்பது பக்கத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. பிறகு கடைசித் தாளில் 'மொத்தம் இத்தனை பக்கங்கள்' என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, கட்டின் மேல் பொருளடக்கத் தாளை வைத்துக் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.